பட்டாளத்தையா கல்லில் நான் படித்தது

நம் ஏழாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் உங்களில் யாரோ பட்டாளத்தையா கல்லின் படத்தைப் போட்டிருந்தார். சுற்றிலும் டைல்ஸ், மேலே தகரக் கொட்டகை, முன்னால் எவர்சில்வர் கம்பி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் மட்டும், ‘அந்தக் காலத்துல இதுல இங்கிலீஷ்ல ஏதோ எழுதியிருக்கும்ல?’ என்று கேட்டிருந்தார். யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இப்போது பதில் எழுதுகிறேன். போன திங்கட்கிழமை திண்டிவனத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் எப்படியும் உங்கள் காதுக்கு வந்து சேரும். என் அண்ணன் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. உங்களில் பாதிப் பேர் அன்று ஏரிக்கரையில் நின்றவர்கள்தான்.

அது மாசியா பங்குனியா என்று சரியாக நினைவில்லை. ஏரி பாதி வற்றியிருந்தது. வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நம் எல்லோருடைய பாவாடை மடிப்பிலும் டிரவுசர் பையிலும் பச்சை மல்லாட்டை இருக்கும். வகுப்பறை முழுக்க அந்தப் பால்வாடை. ஆங்கில டீச்சர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? வந்ததும் முதல் வேலையாகத் தோலைப் பெருக்கச் சொல்லுவார்கள். அவர்கள்தான் அந்த வீட்டுப்பாடம் கொடுத்தது. பாடப்புத்தகத்திலிருந்து எழுதக் கூடாது. ஊருக்குள் எங்கே ஆங்கிலம் கண்ணில் பட்டாலும் பார்த்து எழுதி வர வேண்டும், பத்து வரி.

நீங்கள் எல்லோரும் உர மூட்டையைப் பிடித்துக்கொண்டீர்கள். இருமல் மருந்துப் பாட்டில், பவுடர் டப்பா, டிராக்டரின் பின்பக்கம். ஒருவன் அவன் மாமாவின் பனியன் லேபிளை எழுதி வந்து அடி வாங்கினான். எனக்கு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். எங்கள் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் பட்டாளத்தையாவுக்கு மஞ்சள் எண்ணெய் பூசும்போது நான் கூடை தூக்கிக்கொண்டு போவேன். கல்லின் அடிப்பக்கத்தில், மஞ்சள் பொருக்கு உதிர்ந்த இடத்தில், இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்து வைத்திருந்தேன்.

ஊருக்குப் புதிதாக வந்த மருமகள்களுக்குக்கூட அந்தக் கல்லின் கதை தெரியும். பட்டாளத்தையா என்பவர் ஊரைக் காக்க வந்த வீரன், ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் ஓரம் தானாக முளைத்த கல். ஆடியில் கூழ் ஊற்றுவது, சுருட்டுக் கொளுத்தி வைப்பது, சாராயம் தெளிப்பது எல்லாம் உண்டு. பூசை முறை எங்கள் வீட்டுடையது. காலனிக்காரர்கள் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது. காலனியில் ஒரு குடும்பம் மட்டும் ஆடியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று, கல்லைப் பார்த்துத் தேங்காய் உடைக்கும். ‘பாரு, அதுங்களுக்கும் நம்ம சாமி மேல எம்மாம் பக்தி’ என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். அவர்கள் ஏன் உடைக்கிறார்கள் என்று அவர்களைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வீட்டுப் பெண்தான் என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள். உயரப்படி உட்கார வைத்ததில் அப்படி அமைந்தது. வகுப்பில் முதல் மார்க் அவள்தான் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. அவளுடைய அப்பா எங்கள் நிலத்திலும்தான் வேலை செய்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். வாய்க்கால் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

“நீ போய் எழுதிக்கினு வாடி. நான் இங்கியே இருக்கறேன்.”

“எனக்குப் படிக்கத் தெரியலன்னா?”

“ஒவ்வொரு எழுத்தா கத்து. நான் எழுதிக்கிறேன்.”

“யாரும் இல்லடி. மல்லாட்டக் கொல்லையில இருக்குது எல்லாம். வா.”

மூன்று முறை கூப்பிட்டேன். அந்த எண்ணிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது முறை, ‘பயந்தாங்கொள்ளி’ என்று சேர்த்துக் கூப்பிட்டேன். செருப்பில்லாத காலோடு வாய்க்காலைத் தாண்டி வந்தாள்.

என் காம்பஸ் பெட்டியிலிருந்த டிவைடரால் பொருக்கைச் சுரண்டினேன். மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் விரல் தடிமனுக்கு ஏறி, பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது. அவள் வைக்கோலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். உள்ளேயிருந்து வழுவழுப்பான கருங்கல் வந்தது, அதில் வெட்டிய எழுத்துகள். மேலே பெரிய எழுத்தில் ஒரு எண், அதில் பாதி உடைந்திருந்தது. அதன் பக்கத்தில் எங்களுக்குத் தெரியாத ஒரு நீளமான சொல். காலாட்படை என்று அர்த்தம் என்பது கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. அந்த இடத்தில் நடந்த சண்டையில் செத்த அந்தப் படைக்காரர்களின் நினைவாக வைத்த கல் அது. இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள். அவற்றுக்குக் கீழே ஒன்பது பெயர்கள், நம் ஊர்ப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிப்பாய் என்ற சொல்.

அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். சிப்பாய்ப் பெயர்களில் மூன்றாவதில் விரல் நின்றது.

“எங்க தம்பி பேருடி இது.”

அவளுடைய தம்பி அப்போது கைக்குழந்தை. அந்தப் பெயரை நாங்கள் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம், அவ்வளவு பழங்காலத்துப் பெயர். அவர்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தே ஆக வேண்டும். ஏரிக்கரைச் சண்டையில் செத்த ஒரு பாட்டனுடைய பெயர் என்று சொல்லிச் சொல்லி வைப்பார்கள். காலனியில் அவர்கள் வீட்டுக்கே சிப்பாய் வூடு என்றுதான் பெயர்.

அவள் கல்லைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தை அந்த எழுத்தின்மேல் வைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து வரிக்கு மேலேயே கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலையில் சாணி பொறுக்கப் போனவர்கள் பார்த்துவிட்டார்கள். சாமியின் முகத்தை யாரோ சுரண்டிவிட்டார்கள் என்று ஊரே கரையில் கூடிவிட்டது. ஆடு மேய்க்கிற அத்தை ஒருத்தி, “காலனிப் பொண்ணு ஒண்ணு சாமியக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னுது, என் கண்ணால பாத்தேன்” என்றாள். ஒரு பெண்ணைப் பார்த்த கண்ணுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் தெரியாமல் போயிருக்க முடியாது. அது இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்று அத்தை என் பேரைச் சொல்லாததில் எனக்கு உயிர் வந்தது.

அவளையும் அவளுடைய அப்பாவையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். அவளுடைய அப்பா துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அவள் கன்னத்தில் மஞ்சள் முழுக்கப் போகவில்லை.

நாட்டாமை கேட்டார், “ஏண்டா, பொண்ணப் பள்ளிக்கூடம் அனுப்பினா சாமியத் தொடச் சொல்லிக் குடுக்கறாங்களா?”

“தப்புதாங்க. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. ஆனா ஒண்ணு சொல்லுதுங்க. எங்க பாட்டன் பேரு அதுல வெட்டியிருக்குதாம். எங்க வூட்லயும் அப்பிடித்தான் சொல்லிக்கினு வர்றாங்க, இந்தக் கரையில சண்டையில செத்தாருன்னு.”

கூட்டத்தில் சைக்கிள் கடைக்காரர் இருந்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பாரே, அவர்தான். “அப்ப இத்தினி வருசமா நாம உங்க பாட்டனுக்கா சுருட்டு கொளுத்திக்கினு இருந்தோம்?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் திடீரென்று ஒருவரும் சிரிக்கவில்லை. என் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்ற பிறகு அந்த முகம் எப்படி இருந்தது என்பதை என்னால் எழுத முடியவில்லை.

“இங்கிலீசு படிக்கிற புள்ள வேற யாரு இருக்குது?” என்றார் நாட்டாமை.

ஐந்தாறு பேர் இருந்தீர்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் போனது எனக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். பலமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான். “பாத்துப் படிம்மா” என்றார்.

அப்போது அவளுடைய அப்பா முகம் தெளிந்து சொன்னார், “பாப்பாவே சொல்லட்டுங்க. எங்க பொண்ணு கூடவே ஒக்காந்து படிக்கிற புள்ள. பாப்பா என்னா சொல்லுதோ நான் ஒத்துக்கிறேன்.”

கல்லுக்கு முன்னால் போய் நின்றேன். வெயிலில் எழுத்துகள் அவ்வளவு தெளிவாக இருந்தன. முந்தின நாள் நாங்கள் தேய்த்த வைக்கோல் துணுக்கு ஒன்று அந்த மூன்றாவது பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுரண்டியது தெரிந்துவிடுமோ என்பதுதான் முதல் பயம். அப்பாவுக்குப் பூசை போய்விடுமோ என்பது இரண்டாவது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. இந்தச் சாமி எங்களுடையது இல்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வது? பன்னிரண்டு வயதிலேயே அதெல்லாம் ஏறியிருந்தது.

“பேரு எதுவும் இல்ல. வெறும் நம்பருதான் இருக்குது” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கத்தினாள். “மூணாவது பேரு படிடி! நேத்து படிச்சியே! மூணாவது பேரு!”

அவளுடைய அப்பா அவளை அறைந்தார். ஊர்க்காரர்களுக்குப் பயந்து அடித்தார் என்றுதான் ரொம்ப வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. அவர் என்னை நம்பினார். பொய் சொன்னதற்காகத் தன் பெண்ணை அடித்தார்.

அப்புறம் அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சூடான மண்ணில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மூன்று முறை கும்பிட்டார். பரிகாரம் செய்தார்கள். கொத்தனார் கல்லின் முகத்தில் சிமெண்டு பூசினார். சாமிக்கு இனிமேல் யாராலும் தீட்டு வராது என்றார் அப்பா.

ஒரு விஷயம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. என்னைப் படிக்கச் சொல்லும்போதே சிமெண்டு மூட்டை கலங்கல் ஓரம் வந்து இறங்கியிருந்தது. கொத்தனார் கரணையோடு உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்லியிருந்தாலும் அவர்கள் பூசியிருப்பார்கள். அது தெரிந்த நாளில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சிமெண்டு எப்படியும் விழுந்திருக்கும், அந்த அறை விழுந்திருக்காது.

அவள் அதற்குப் பிறகு நம் பள்ளிக்கு வரவில்லை. கோலியனூரில் அவளுடைய அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். பெஞ்சில் அவள் இடத்தில் டீச்சர் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். என் வீட்டுப்பாட நோட்டை அடுப்பில் போட்டுவிட்டு, உர மூட்டையைப் பார்த்து எழுதிக் கொண்டுபோனேன். பத்துக்கு ஏழு கிடைத்தது.

இனி இந்த வருடத்துக் கதை. அவளுடைய பெண் விழுப்புரத்தில் சரித்திரம் படித்து முடித்திருக்கிறாள். ஏரிக்கரையில் ஒரு காலாட்படை நினைவுக்கல் இருந்ததாக ஏதோ பழைய ஆவணத்தில் பார்த்திருக்கிறாள். டைல்ஸையும் சிமெண்டையும் எடுத்துக் கல்லைப் படிக்க வேண்டும் என்று மனு போட்டாள். ஊர்த் தரப்பில் என் அண்ணன், அப்பாவுக்குப் பிறகு பூசை அவனுடையது, அந்தக் கல்லில் என்றுமே எழுத்து இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். கல்லைப் பார்த்த ஆள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். அவளுடைய அம்மா, என் பெஞ்சுக்காரி, என் பேரைச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் போன் செய்தான்.

“நீ போவாத. போனாலும் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வா. பொண்ணு கல்யாணம் பேசிக்கினு இருக்கற நேரம். மாப்பிள்ள வூடு நம்ம ஊர்ப் பங்காளிங்க. உனக்கு எதுக்கு இந்த பேஜாரு?”

எனக்கு ஒரே பெண். இருபத்தாறு வயது. மூன்று வருடமாக வரன் பார்த்து இப்போதுதான் ஒன்று கூடி வந்தது. அவளுக்கு ஜுரம் வந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது. அவள் பஸ் ஏறினதும் ஒரு போன், இறங்கினதும் ஒரு போன். அப்படிப்பட்ட நான் அந்த விசாரணைக்குப் போவதா வேண்டாமா என்று பதினொரு நாள் உழன்றேன். தைரியம் வந்து ஒன்றும் நான் போகவில்லை. விசாரணைக் கடிதத்தோடு வந்த மனுவின் நகலில், மனுதாரருடைய மாமன் என்று ஒரு பெயர் இருந்தது. கைக்குழந்தையாக இருந்த அந்தத் தம்பி. அந்தப் பழங்காலத்துப் பெயர் டைப் அடித்த தாளில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

துணைக்கு என் பெண்ணும் வந்தாள். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. ஏதோ நிலத் தகராறு என்று நினைத்துக்கொண்டு, போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

திண்டிவனத்தில் அலுவலக வராந்தாவில் என் பெஞ்சுக்காரியைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. நர்ஸ் வேலையில் இருக்கிறாள். நான், “எப்படிடி இருக்கற?” என்றேன்.

“நல்லா இருக்கறேங்க. நீங்க?” என்றாள்.

உள்ளே அதிகாரிக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். டிவைடர், வைக்கோல், ஒன்பது பெயர்கள். நான் பொய் சொன்னது, அவள் அப்பா அவளை அறைந்தது, கீழே விழுந்து கும்பிட்டது. அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதில் எத்தனை பெயர் நினைவிருக்கிறது என்று அதிகாரி கேட்டார். ஒன்றுதான் என்றேன். அந்த ஒன்றைச் சொன்னேன். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் அவளுடைய பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். “தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க சொன்னதுதான் கேஸே.”

“தேங்க்ஸெல்லாம் சொல்லாத” என்றாள் அவள், தன் பெண்ணிடம். கோபமாகச் சொல்லவில்லை. மாத்திரை இத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள். “எங்கப்பா செத்து எட்டு வருசம் ஆச்சு. கடைசி வரைக்கும் நான் பொய் சொன்னேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தாரு.”

என்னைப் பார்த்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வர்றேங்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

டைல்ஸை எடுப்பார்களா, சிமெண்டுக்கு அடியில் எழுத்து மிச்சம் இருக்குமா, தெரியாது. அண்ணன் பேசுவதில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்றுவரை போன் வரவில்லை. இதையெல்லாம் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. குழுவில் பேசிக்கொள்வீர்கள், அதனால் சொல்கிறேன்.

விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் என் பெண் காதில் எதுவும் மாட்டவில்லை. உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டிருந்தாள். பஸ் விக்கிரவாண்டி தாண்டியது. அப்புறம் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தத் தாத்தா கீழ வுழுந்து கும்புட்டப்ப நீ எங்கம்மா இருந்த?”

அதிகாரி இதைக் கேட்கவில்லை. உங்களுக்கும் மேலே நான் இதை எழுதவில்லை.

“கல்லுகிட்டதான். பரிகாரத்துக்குன்னு சக்கரப் பொங்கல் வெச்சிருந்தாங்க. எனக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க, தொன்னையில. சாப்ட்டுக்கினு இருந்தேன்.”

என் பெண் தலையைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தாள்.

“நல்லா இருந்துச்சா?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

“நல்லாத்தான் இருந்துது” என்றேன்.